குளிர்நீரில் இருமடங்கு: மீன்களின் உடலுக்குள் வெப்பநிலை எழுதும் கணக்கு

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில், கடல்நீர் ஏறி இறங்கும் உவர்ச் சதுப்புகளில், விரல் நீளமே உள்ள ஒரு மீன் கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை மம்மிசாக் என்கிறார்கள்; அறிவியல் பெயர் ஃபண்டுலஸ் ஹெட்டெரோகிளிட்டஸ். பெரிய மீனைப் பிடிக்கத் தூண்டிலில் இரையாகக் கோப்பதைத் தவிர அதற்குச் சந்தை மதிப்பு என்று ஒன்றும் கிடையாது. ஆனால் உயிரியலாளர்களுக்கு இதைப்போல் வாரி வழங்கிய மீன்கள் வெகு சில. 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குச் சென்று, விண்வெளியை எட்டிய முதல் மீன் என்ற பெயரைப் பெற்றதும் இதுதான். அதைவிட முக்கியமான ஒரு கேள்விக்கு விடை தேட இந்த மீன் உதவியிருக்கிறது: வெப்பநிலை மாறும்போது ஓர் உயிரினம் தன் மரபணுக்களை எப்படிப் பயன்படுத்துகிறது?

இந்த மீன் வாழும் கரையின் நீளத்தை முதலில் பார்க்க வேண்டும். வடக்கே கனடாவில் தொடங்கித் தெற்கே புளோரிடாவின் வடகிழக்கு மூலை வரை அது பரவியிருக்கிறது. இந்தக் கரையில் வடக்கு நோக்கி ஒவ்வொரு பாகை அட்சரேகை கடக்கும்போதும் நீரின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் குறைகிறது. மெய்ன் மாநிலத்துச் சதுப்பில் வாழும் மீனுக்கும் ஜார்ஜியா மாநிலத்துச் சதுப்பில் வாழும் மீனுக்கும் இடையே ஆண்டுச் சராசரியில் பன்னிரண்டு டிகிரிக்கும் மேல் வேறுபாடு. மீன்களோ பெரும்பாலும் தாம் பிறந்த ஓடையை விட்டு வெகுதூரம் போவதில்லை. ஆகவே ஒரே இனம், ஒரே கரை, ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வெவ்வேறு வெப்பநிலையில் வாழ்ந்துவரும் கூட்டங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. இயற்கையே அமைத்துக் கொடுத்த பரிசோதனைக்கூடம் இது.

மீனுக்கு வெப்பநிலை ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? பாலூட்டிகளும் பறவைகளும் உடல்வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்கின்றன. சூரை போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர்த்தால், மீனின் உடல் சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையிலேயே இருக்கும். செவுள்களின் வழியே பாயும் இரத்தம் நீரோடு வெப்பத்தைப் பரிமாறிக்கொண்டே இருப்பதால் வேறு வழியில்லை. உடலில் நடக்கும் வேதிவினைகள் பெரும்பாலும் பத்து டிகிரி குறைந்தால் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். உணவிலிருந்து ஆற்றலைப் பிரிப்பது, தசையைச் சுருக்குவது, நரம்பில் செய்தி அனுப்புவது எல்லாமே மந்தமாகும். அப்படியிருந்தும் மெய்ன் மீன் ஜார்ஜியா மீனின் பாதி வேகத்தில் வாழ்ந்துகொண்டிருக்கவில்லை. எங்கோ ஓர் ஈடுகட்டல் நடக்கிறது.

ஈடுகட்டுவதற்கு மீனுக்குப் பல வழிகள் உண்டு. வினையை நடத்தும் நொதியின் அமைப்பையே மாற்றலாம். அதற்கு மரபணுவின் எழுத்துகள் மாற வேண்டும், பல தலைமுறைகள் ஆகும். அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு நொதியின் அளவைக் கூட்டலாம். இரண்டாவது வழியின் பெயர்தான் மரபணு வெளிப்பாட்டு மாற்றம். ஒரு மரபணு எவ்வளவு முறை தூது ஆர்.என்.ஏ-வாகப் படியெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து, செல்லில் அந்தப் புரதம் எவ்வளவு சேரும் என்பது பெருமளவு முடிவாகிறது. கல்லீரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. எது, எப்போது, எவ்வளவு படிக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. நீரின் வெப்பநிலை மாறும்போதும் இந்தப் படிப்பின் அளவுகள் மாறுகின்றன.

எல்லா மாற்றமும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. நீர் திடீரென்று சூடானால் சில மணி நேரத்துக்குள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் குவிகின்றன. வெப்பத்தால் மடிப்புக் குலைந்த மற்றப் புரதங்களைப் பிடித்து மீண்டும் மடித்துவிடுவது இவற்றின் வேலை. எந்த வெப்பநிலையில் இந்த எச்சரிக்கை மணி அடிக்கும் என்பது ஒரே மீனில்கூட நிலையானதாக இல்லை. கலிபோர்னியக் கழிமுகங்களில் வாழும் கில்லிக்திஸ் என்ற மீனைச் சில வாரங்கள் வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்தால், அந்தப் புரதங்கள் உருவாகத் தொடங்கும் வெப்பநிலையும் மேலே நகர்கிறது. கோடையில் வழக்கமாகிவிட்ட வெப்பத்தை உடல் ஆபத்தாகக் கருதுவதில்லை.

நாள்களும் வாரங்களும் பிடிக்கும் மாற்றம் இதைவிட ஆழமானது. இதில் கெண்டை மீன் நமக்கு நல்ல ஆசான். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பாலானது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்துபோவதுபோல, குளிர்ந்த நீரில் இந்தச் சவ்வும் இறுகத் தொடங்கும். சவ்வு இறுகினால் அதில் பதிந்துள்ள புரதங்கள் வேலை செய்யாது. கெண்டை இதைச் சமாளிக்கத் தன் கொழுப்புகளில் நிறைவுறா வகையைக் கூட்டிக்கொள்கிறது. அவை குளிரிலும் இளகலாகவே இருக்கும். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ காசின்ஸ் குழுவினர் 1996-இல் இது எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்டினார்கள். கொழுப்பில் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கி அதை நிறைவுறா வகையாக மாற்றும் டீசாச்சுரேஸ் என்ற நொதி மீனின் கல்லீரலில் ஏற்கெனவே செயலற்ற நிலையில் கொஞ்சம் இருக்கிறது. குளிர் தொடங்கியதும் முதலில் அதுதான் விழித்துக்கொள்கிறது. அதன் பிறகே அந்த நொதியின் மரபணு பல மடங்கு அதிகமாகப் படியெடுக்கப்படுகிறது. கையிருப்பைச் செலவழித்துக்கொண்டே புதிதாக உற்பத்தியும் தொடங்குகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம். மரபணு வெளிப்பாட்டை மட்டும் அளந்துவிட்டு முழுக் கதையும் தெரிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது என்பதை இது காட்டுகிறது.

அதே ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2004-இல் கெண்டையின் மூளை, செவுள், இதயம், குடல், சிறுநீரகம், கல்லீரல், தசை ஆகிய ஏழு திசுக்களிலும் ஒரே நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தது. சுமார் 13,000 டி.என்.ஏ துண்டுகள் பதித்த தகடுகளைக் கொண்டு, 30 டிகிரியிலிருந்து படிப்படியாக 10 டிகிரி வரை குளிர்வித்த மீன்களின் தூது ஆர்.என்.ஏ அளவுகளை ஒப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்கள் அசைந்தன. ஆற்றல் உற்பத்தி, ஆர்.என்.ஏ-வைப் பதப்படுத்தல், பழுதான புரதங்களை உடைத்தெறிதல் போன்ற சில வேலைகள் எல்லாத் திசுக்களிலும் கூடின. மற்றவை திசுவுக்குத் திசு வேறுபட்டன. குளிருக்குப் பழகுவது என்பது ஏதோ ஒரு பொத்தானை அழுத்துவதால் நடப்பதில்லை. ஒவ்வோர் உறுப்பும் தனக்கென ஒரு திட்டம் வைத்திருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே மீனின் வாழ்நாளுக்குள் நடப்பவை. நீர் மறுபடி சூடானால் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தலைமுறைகளைக் கடந்து நிலைத்த வேறுபாடு எப்படியிருக்கும் என்று அறிய மம்மிசாக்கிடம் திரும்ப வேண்டும்.

டென்னிஸ் பவர்ஸ் என்ற உயிரியலாளர் பல ஆண்டுகள் தன் சகாக்களோடு இந்த மீனின் ஒரே ஒரு நொதியைத் துருவித் துருவி ஆராய்ந்தார். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்-பி என்பது அதன் பெயர். லாக்டேட்டையும் பைருவேட்டையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது அதன் தொழில். தசை கடுமையாக உழைத்து வெளியேற்றும் லாக்டேட்டைக் கல்லீரல் மீண்டும் பயன்படுத்திக்கொள்ள இந்த நொதி வேண்டும். இதன் மரபணுவுக்கு இரண்டு முக்கிய வடிவங்கள் உண்டு. மெய்னில் கிட்டத்தட்ட எல்லா மீன்களிடமும் ஒரு வடிவம். ஜார்ஜியாவில் கிட்டத்தட்ட எல்லாவற்றிடமும் மற்றது. இடையில் இரண்டும் கலந்து, தெற்கே போகப் போக விகிதம் மாறிக்கொண்டே வரும். 1982-இல் லியோனார்ட் டிமிக்கேலும் பவர்ஸும் இந்த வடிவங்கள் மீனின் செயல்திறனோடு தொடர்புடையவை என்று காட்டினார்கள். 10 டிகிரி நீரில் நீந்தவிட்டபோது வடக்கு வடிவத்தைக் கொண்ட மீன்கள் தெற்கு வடிவத்தைக் கொண்டவற்றைவிட அதிக வேகத்தைத் தாக்குப்பிடித்தன. 25 டிகிரியில் அந்த வேறுபாடு காணாமல் போனது.

நொதியின் அமைப்போடு கதை முடிந்திருந்தால் அது பாடப்புத்தகப் பரிணாமமாகவே இருந்திருக்கும். 1989-இல் டக்ளஸ் கிராஃபோர்டும் பவர்ஸும் வெளியிட்ட ஆய்வுதான் மரபணு வெளிப்பாட்டை நடுமேடைக்குக் கொண்டுவந்தது. வடக்கு மீன்களையும் தெற்கு மீன்களையும் ஒரே வெப்பநிலையில் நீண்ட காலம் வைத்துப் பழக்கிய பிறகு கல்லீரலை ஆராய்ந்தார்கள். வடக்கு மீனிடம் இந்த நொதி ஏறக்குறைய இருமடங்கு இருந்தது. அதன் தூது ஆர்.என்.ஏ-வும் இருமடங்கு. மரபணு படியெடுக்கப்படும் வேகமே வடக்கில் அதிகம் என்பதைப் பின்னர் அவர்களே உறுதிசெய்தார்கள். பத்து டிகிரி குறைந்தால் வினை பாதி வேகத்துக்கு இறங்கும் என்ற விதியை இதோடு சேர்த்துப் பாருங்கள். நொதி இருமடங்கானால் இழந்த வேகம் ஏறக்குறைய திரும்பக் கிடைக்கிறது. அவரவர் சொந்த நீரில் இரண்டு மீன்களின் கல்லீரலும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் இந்த வேலையைச் செய்கின்றன. உயிரியலில் கணக்கு இவ்வளவு ஒழுங்காக ஒத்துப்போவது அரிது.

பட்ரீசியா ஷுல்டி இன்னும் ஒரு படி உள்ளே போனார். இருமடங்கு படியெடுப்புக்குக் காரணம் எங்கே இருக்கிறது? மரபணுவுக்கு முன்னால், அதை எப்போது எவ்வளவு படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்று உண்டு. அந்தப் பகுதியின் எழுத்துகள் வடக்கிலும் தெற்கிலும் வேறுபட்டிருந்தன. தெற்கு வடிவத்தில், உடல் அழுத்தத்துக்கு உள்ளாகும்போது சுரக்கும் கார்டிசால் போன்ற ஹார்மோன்களுக்குச் செவிசாய்க்கும் ஒரு துணுக்கு வேலை செய்கிறது. அதனால் தெற்கு மீனைத் தொந்தரவு செய்தால் அதன் கல்லீரலில் இந்த மரபணுவின் படியெடுப்பு ஏறுகிறது; வடக்கு மீனில் அப்படி ஏறுவதில்லை. வடக்கில் எப்போதும் உயர்ந்த அளவு; தெற்கில் தேவைப்படும்போது உயரும் அளவு. வெப்பநிலைக்கான தகவமைப்பைத் தேடிப் போனவர்கள் வழியில் அழுத்தத்துக்கான எதிர்வினையையும் கண்டெடுத்தார்கள். உண்மையான உயிரினத்தில் ஒரு மரபணு ஒரே ஒரு காரணத்துக்காக மட்டும் ஏறி இறங்குவதில்லை.

இந்த இடத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. வெப்பமான இடத்து மீனையும் குளிர்ந்த இடத்து மீனையும் பிடித்து, இத்தனை நூறு மரபணுக்கள் வேறுபட்டு வெளிப்படுகின்றன என்று கண்டறிந்து, உடனே அதைத் தகவமைப்பு என்று அறிவித்துவிடும் செய்திகளை அடிக்கடி பார்க்கிறோம். அது அவசர முடிவு. அந்த வேறுபாடு அன்றைய நீரின் வெப்பத்தால் வந்ததாக இருக்கலாம். அப்படியானால் அது வெறும் பழக்கம். எனவேதான் இரண்டு கூட்டத்தையும் ஒரே தொட்டிச் சூழலில் வாரக்கணக்கில் வைத்துவிட்டு அளக்கிறார்கள். அதுவும் சில நேரம் போதாது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ஸ்காட்டும் இயன் ஜான்ஸ்டனும் வரிக்குதிரை மீன்களின் முட்டைகளை 22, 27, 32 டிகிரியில் பொரிக்கவிட்டு, பொரித்த பிறகு எல்லாவற்றையும் 27 டிகிரியிலேயே வளர்த்தார்கள். முட்டைக்குள் இருந்த சில நாள்களின் வெப்பநிலை, வளர்ந்த மீன் குளிருக்கும் சூட்டுக்கும் பழகும் திறனையும் அதன் தசையில் மரபணுக்கள் வெளிப்படும் விதத்தையும் மாற்றியிருந்தது. 2012-இல் வெளியான இந்த முடிவு, இயற்கை நீர்நிலைகளிலிருந்து பிடித்துவந்த மீன்களை மட்டும் வைத்து ஒப்பிடுவோர் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை. பரம்பரையாக வந்தது என்று உறுதியாகச் சொல்ல, தொட்டியில் பிறந்த தலைமுறையே வேண்டும்.

பரம்பரையானது என்று நிரூபித்துவிட்டாலும் வேலை முடியாது. இரண்டு கூட்டங்கள் நீண்ட காலம் பிரிந்திருந்தாலே தற்செயலான வேறுபாடுகள் சேர்ந்துவிடும். மம்மிசாக்கின் வரலாறு இதற்கு நேரடி உதாரணம். கடைசிப் பனியூழியில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரை பனிப்பாறைக்கு அடியில் கிடந்தது. பனி விலகிய பிறகே மீன்கள் அங்கே குடியேறின. ஆகவே வடக்கையும் தெற்கையும் பிரிப்பது வெப்பநிலை மட்டுமில்லை, பிரிவின் வரலாறும் சேர்ந்துதான். மார்ஜரி ஒலெக்சியாக், கிராஃபோர்ட் முதலியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலை அழகாகக் கையாண்டது. மெய்ன், ஜார்ஜியா மீன்களோடு, மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் வாழும் நெருங்கிய உறவான ஃபண்டுலஸ் கிராண்டிஸையும் சேர்த்துக்கொண்டார்கள். தற்செயல் மட்டுமே காரணம் என்றால், ஒரே இனத்தைச் சேர்ந்த மெய்ன் மீனும் ஜார்ஜியா மீனும்தான் ஒத்திருக்க வேண்டும். சில மரபணுக்களில் அப்படி இல்லை: ஜார்ஜியா மீன் தன் இனத்து மெய்ன் மீனைவிட வேற்றினமான வளைகுடா மீனையே ஒத்திருந்தது. உறவைத் தாண்டி வெப்பநிலை பேசும் மரபணுக்கள் அவை. இயற்கைத் தேர்வு அவற்றைத் தொட்டிருக்கிறது என்று நம்ப வலுவான காரணம் இது.

அந்த ஆய்வில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது இன்னொரு கண்டுபிடிப்பு. பரிசோதித்த 907 மரபணுக்களில் சுமார் 18 சதவீதம், ஒரே கூட்டத்தைச் சேர்ந்த, ஒரே சூழலில் வைத்திருந்த மீன்களுக்கு இடையிலேயே வேறுபட்டன. அதாவது பக்கத்துப் பக்கத்து மீன்களே ஒரே மாதிரி இல்லை. இயற்கைத் தேர்வுக்கு வேண்டிய மூலப்பொருள் மரபணுவின் எழுத்துகளில் இருப்பதைப்போலவே அதன் வெளிப்பாட்டு அளவிலும் கொட்டிக்கிடக்கிறது. அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி எந்த நன்மையும் தீமையும் செய்யாமல் சும்மா இருக்கலாம். நாளை நீர் மாறினால் அதில் எது உதவும் என்பதுதான் கேள்வி.

போதிய வேறுபாடு கையில் இருந்தால் மாற்றம் வேகமாகவும் வரக்கூடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடல்வாழ் முள்முதுகு மீன்களை நன்னீர்க் குளங்களில் விட்டு ரோவன் பாரெட்டும் சகாக்களும் கவனித்தார்கள். குளத்துக் குளிர்காலம் கடலைவிடக் கடுமையானது. மூன்றே தலைமுறைகளில் அந்த மீன்கள் முன்னோரைவிட 2.5 டிகிரி கூடுதல் குளிரைத் தாங்கின.

பயன்படாத திறன் அழிந்துபோவதும் உண்டு. அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ வளைகுடாவில் நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மைனஸ் 1.9 டிகிரியிலேயே நிற்கிறது. அங்கே வாழும் ட்ரெமட்டோமஸ் பெர்னாக்கி என்ற மீனை ஆய்வாளர்கள் சூடேற்றிப் பார்த்தபோது, பாக்டீரியா முதல் மனிதர் வரை ஏறக்குறைய எல்லா உயிர்களிடமும் உள்ள வெப்ப அதிர்ச்சி எதிர்வினை அதனிடம் எழவில்லை. 2000-இல் கிரெட்சன் ஹாஃப்மன், ஜார்ஜ் சொமேரோ முதலியோர் இதை வெளியிட்டார்கள். அந்தப் புரதங்கள் அதனிடம் அறவே இல்லை என்று பொருளில்லை. அவற்றில் ஒரு வகை எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. உறைநிலையை ஒட்டிய குளிரிலும் புரதங்கள் மடிப்புக் குலைவதால் அது நாள்தோறும் தேவைப்படுகிறது போலும். வெப்பம் ஏறும்போது கூட்டிக்கொள்ளும் ஏற்பாடுதான் போய்விட்டது. பல இலட்சம் ஆண்டுகள் சூட்டையே காணாத கூட்டத்தில் அந்த ஏற்பாடு கெட்டுப்போனாலும் எந்த மீனும் அதற்காகச் சாகவில்லை. அதனால் தேர்வு அதைக் காக்கவும் இல்லை. அந்த மீனுக்குச் சில டிகிரிச் சூடே உயிருக்கு ஆபத்து.

கடலும் ஆறும் சூடாகிவரும் காலத்தில் இந்தச் செய்திகளுக்கு நடைமுறைப் பொருள் இருக்கிறது. குளிரை ஈடுகட்டுவதில் மீன்கள் எவ்வளவு திறமையானவை என்று பார்த்தோம். சூட்டின் மேல் எல்லையை உயர்த்துவதில் அவை அவ்வளவு திறமையானவை இல்லை. சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையம் வெளியேற்றும் வெந்நீர் பாயும் அடைப்பில், சுற்றியுள்ள பால்டிக் கடலைவிடப் பல டிகிரி சூடான நீரில், பெர்ச் மீன்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவருகின்றன. ஓய்வு நிலையில் அவற்றின் ஆற்றல் செலவு நன்றாகவே சரிப்படுத்தப்பட்டிருந்தது. ஆனால் அவை தாங்கும் உச்ச வெப்பம் வெளியே வாழும் உறவினர்களைவிடச் சிறிதே மேலே இருந்தது.

இன்னும் நேரடியான சோதனை இந்திய மீனை வைத்தே நடந்தது. மேற்கு வங்கத்தில் பிடிக்கப்பட்ட வரிக்குதிரை மீன்களின் வழித்தோன்றல்களை நார்வேயில் ரேச்சல் மோர்கனும் ஃபிரெட்ரிக் யூட்ஃபெல்டும் சகாக்களும் ஆறு தலைமுறைகள் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். நீரைச் சீராகச் சூடாக்கி, எந்த வெப்பத்தில் மீன் நிலைதடுமாறுகிறது என்று ஒவ்வொரு மீனுக்கும் அளந்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 20,000 மீன்கள். அதிக வெப்பம் தாங்கியவற்றையே தலைமுறைதோறும் இனவிருத்திக்குத் தேர்ந்தும், உச்ச எல்லை தலைமுறைக்கு வெறும் 0.04 டிகிரிதான் உயர்ந்தது. எதிர்த்திசையில், குறைந்த வெப்பம் தாங்கியவற்றைத் தேர்ந்தெடுத்தபோது எல்லை அதைவிட வேகமாகக் கீழே இறங்கியது. அதிக வெப்பம் தாங்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட வழியில் வந்த மீன்களுக்கு, வெதுவெதுப்பான நீரில் வைத்துப் பழக்கினாலும் கிடைக்கும் கூடுதல் தாங்குதிறன் சுருங்கியிருந்தது. 2020-இல் வெளியான இந்த ஆய்வு, பரிணாமமும் பழக்கமும் ஒரே சுவரில் போய் முட்டுகின்றன என்று காட்டுகிறது. ஏற்கெனவே தம் உச்ச எல்லைக்கு நெருக்கமான நீரில் வாழும் வெப்பமண்டல மீன்களைப் பற்றிக் கவலைப்பட இது போதும்.

கவலைக்கு இடையே கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வாழும் அகாந்தோகுரோமிஸ் என்ற மீன், குஞ்சுகளைக் கடலில் மிதக்கவிடாமல் பெற்றோரே அருகிருந்து வளர்க்கும் பழக்கம் உடையது. ஜெனிபர் டோனல்சன் முதலியோர் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சூடான நீரில் வளர்த்தார்கள். பெற்றோரும் சூட்டில் வளர்ந்திருந்தால், குஞ்சுகள் சூட்டில் இழந்த ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனை மீட்டுக்கொண்டன. அப்படிப்பட்ட குஞ்சுகளின் கல்லீரலில் வளர்சிதை மாற்றம், நோயெதிர்ப்பு முதலிய வேலைகளுக்கான மரபணுக்கள் வேறுவிதமாக வெளிப்பட்டதை 2015-இல் ஹெதர் வெய்யூ தலைமையிலான ஆய்வு பதிவுசெய்தது. ஆயினும் திறனை மீட்பது வேறு, முட்டையிட்டு இனம் பெருக்குவது வேறு. இரண்டு தலைமுறைகளும் மூன்று டிகிரி கூடுதல் சூட்டில் கழித்த மீன்களைவிட, முதல் தலைமுறை ஒன்றரை டிகிரியும் அடுத்த தலைமுறை மூன்று டிகிரியும் எனப் படிப்படியாகச் சூட்டைச் சந்தித்த மீன்களே இனப்பெருக்கத்தில் மேலாக இருந்தன. நீர் கடைசியில் எவ்வளவு சூடாகும் என்பதோடு, அந்த அளவை எட்ட எத்தனை தலைமுறைகள் அவகாசம் கிடைக்கும் என்பதும் அந்த மீன்களின் கதியை முடிவுசெய்கிறது.